1924 நோட்டர் டேம்: நால்வரின் புகழும் பதினொருவரின் ஆட்டமும்

உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. 1924-இல் நோட்டர் டேம் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் ஆடிய 'நான்கு குதிரை வீரர்கள்' உண்மையிலேயே அவ்வளவு பெரிய ஆட்டக்காரர்களா, இல்லை ஒரு பத்திரிகைக்காரர் எழுதிப் பெரிதாக்கிய பெயரா என்பது ஒன்று. லீக் அட்டவணையோ இறுதிப்போட்டியோ இல்லாத அந்தக் காலத்தில் அவர்களைத் தேசிய சாம்பியன் என்று சொன்னது யார் என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: பெயர் பத்திரிகை கொடுத்தது, வெற்றி அணி சம்பாதித்தது. பத்து ஆட்டம், பத்தும் வெற்றி. எடுத்த புள்ளி 285, கொடுத்த புள்ளி 54. எந்தப் பத்திரிகையாளரும் இதை எழுதி உண்டாக்க முடியாது. ஆனால் அந்த வெற்றியை நால்வரின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. விரிவாகச் சொன்னால்தான் அது புரியும்.

அன்றைய ஆட்டம் இன்று டிவியில் பார்க்கும் அமெரிக்க ஃபுட்பால் இல்லை. களத்தில் இறங்கிய பதினொரு பேரும் தாக்குதலும் ஆடுவார்கள், தடுப்பும் ஆடுவார்கள். நினைத்தபோதெல்லாம் ஆளை வெளியே எடுத்து உள்ளே விட விதி இடம் கொடுக்கவில்லை. தலையில் மெல்லிய தோல் கவசம், முகத்துக்கு ஒன்றும் கிடையாது. முன்னோக்கிப் பந்தை எறியும் பாஸ் 1906 முதல் சட்டப்படி அனுமதிக்கப்பட்டதுதான், ஆனால் எறிபவர் ஆட்டம் தொடங்கும் கோட்டுக்குக் குறைந்தது ஐந்து கெஜம் பின்னால் நிற்க வேண்டும். பந்தும் இன்றைய பந்தைவிட உருண்டை. அதனால் பெரும்பாலான அணிகள் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, கனத்த ஆட்களை முன்னால் விட்டு, இடித்துத் தள்ளிக்கொண்டு போவதைத்தான் ஆட்டமாக வைத்திருந்தன. எடை கூடிய அணிக்கே வெற்றி என்று பொதுவாக நம்பிய காலம் அது.

இந்தப் பின்னணியில், நோட்டர் டேமுக்காகப் பந்தை ஏந்தி ஓடிய பின்வரிசை நால்வரைப் பாருங்கள். களத்தில் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஹாரி ஸ்டூல்ட்ரேயர், ஒஹாயோவின் மாசிலன் ஊர்க்காரர். உயரம் 5 அடி 7 அங்குலம், எடை 151 பவுண்டு, அதாவது 68 கிலோவுக்குச் சற்று மேல். இடது ஹாஃப்பேக் ஜிம் க்ரௌலி, விஸ்கான்சினின் கிரீன் பே ஊரைச் சேர்ந்தவர். வலது ஹாஃப்பேக் டான் மில்லர், ஒஹாயோவின் டிஃபையன்ஸ் ஊர். ஃபுல்பேக் எல்மர் லேடன், ஐயோவாவின் டேவன்போர்ட். இந்த மூவரும் 160 பவுண்டுக்கு ஒன்றிரண்டு கூடக்குறைய. ஃபுல்பேக் என்றால் எதிரணிச் சுவரை மோதி உடைக்கிற வேலை. அதை 73 கிலோ ஆள் செய்தார் என்பதை அன்றே பலர் நம்பச் சிரமப்பட்டார்கள்.

நால்வரும் முதலிலிருந்தே ஒன்றாக ஆடவில்லை. 1922-இல் ஃபுல்பேக் இடத்தில் இருந்தவர் பால் காஸ்ட்னர். பட்லர் கல்லூரியுடன் ஆடும்போது அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. அதுவரை ஹாஃப்பேக்காக இருந்த லேடனைக் கோச் அந்த இடத்துக்கு நகர்த்தினார். அப்படித்தான் நால்வர் கூட்டு அமைந்தது. லேடன் முட்டி மோதுகிறவர் இல்லை, வேகமாகப் பாய்கிறவர். இடைவெளி திறந்த கணத்தில் அதற்குள் புகுந்துவிடுவார். ஒரு காயத்தால் வந்த மாற்றம் அணியின் குணத்தையே மாற்றிவிட்டது.

கோச் நூட் ராக்னியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1888-இல் நார்வேயின் வோஸ் என்ற ஊரில் பிறந்தவர், ஐந்து வயதில் குடும்பத்தோடு சிகாகோ வந்தார். பள்ளிக்குப் பின் தபால் நிலையத்தில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, 22 வயதில்தான் கல்லூரியில் சேர்ந்தார். 1913-இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி அணியை நோட்டர் டேம் 35-13 என்று வீழ்த்தியபோது, கஸ் டொரே எறிந்த பாஸ்களைப் பிடித்தவர்களில் ராக்னியும் ஒருவர். எங்கோ ஒரு சிறிய கத்தோலிக்கக் கல்லூரி இருக்கிறது என்று கிழக்குக் கரைப் பத்திரிகைகளுக்குத் தெரிந்தது அந்த நாளில்தான். படிப்பு முடிந்ததும் அங்கேயே வேதியியல் கற்பித்தார், உதவிக் கோச்சாகவும் இருந்தார், 1918-இல் தலைமைக் கோச் ஆனார்.

ராக்னியின் பேச்சுத்திறமையைப் பற்றி நிறையக் கதைகள் உண்டு. எனக்கு அதைவிட அவருடைய திட்டமிடல்தான் வியப்பு. அவருடைய ஆட்டத்தின் அச்சாணி 'ஷிஃப்ட்'. பின்வரிசை நால்வரும் முதலில் 'டி' வடிவில் நிற்பார்கள். குவார்ட்டர்பேக் குரல் கொடுத்ததும் நால்வரும் ஒரே தாளத்தில் வலப்பக்கமோ இடப்பக்கமோ நகர்ந்து ஒரு சதுரமாக நிற்பார்கள். நின்ற மாத்திரத்தில் பந்து பின்னால் வந்துவிடும். எதிரணி எந்தப் பக்கம் பலம் கூடுகிறது என்று பார்த்துத் தன் ஆட்களை நகர்த்துவதற்குள் ஆட்டம் தொடங்கிவிடும். நகர்ந்த வேகம் உடம்பில் தங்கியிருக்கும்போதே ஓட்டம் ஆரம்பிப்பதால், எடை குறைந்தவர்களுக்கு அது பெரிய சாதகம். விதிப்படி நகர்ந்தபின் நிற்க வேண்டும், ஆனால் எவ்வளவு நேரம் என்று விதி சொல்லவில்லை. நோட்டர் டேம் நிற்கவே இல்லை என்று எதிரணிகள் நடுவர்களிடம் ஓயாமல் முறையிட்டன. கடைசியில் 1927-இல் முழுதாக ஒரு விநாடி நின்றாக வேண்டும் என்று விதியே மாறியது. ஒரு அணியின் உத்தியைக் கட்டுப்படுத்த ஆட்டத்தின் சட்டத்தைத் திருத்த வேண்டி வந்தது என்றால், அந்த உத்தியின் வலுவுக்கு வேறு சான்று தேவையில்லை.

அவருடைய இன்னொரு உத்தி, ஆட்டத்தை இரண்டாம் அணியை வைத்துத் தொடங்குவது. 'ஷாக் ட்ரூப்ஸ்' என்று அவர்களுக்குப் பெயர். எதிரணியின் முதல் ஆவேசத்தை அவர்கள் தாங்கிக்கொள்வார்கள். எதிரணிக்கு மூச்சு வாங்க ஆரம்பிக்கும் நேரத்தில், சட்டையில் அழுக்குப் படாத முதல் அணி உள்ளே வரும். பத்துப் பதினைந்து நிமிடம் அடி வாங்கியே தளர்ந்தவர்களுக்கு, முன்னால் புதிதாகப் பதினொரு பேர் வந்து நிற்பதைப் பார்த்தால் மனசு எப்படி இருக்கும்! அந்த இரண்டாம் அணிப் பையன்கள் எவரின் பெயரும் இன்று பேசப்படுவதில்லை. 1924-இல் முதல் அணி கடைசி வரை கால் தளராமல் ஓடியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்து, அந்தக் கல்லூரியின் நிலைமை. இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில், ஹோலி கிராஸ் சபைப் பாதிரியார் எட்வர்ட் சோரின் 1842-இல் தொடங்கிய கல்லூரி அது. சுற்றியிருந்த பெரிய பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான மேற்கத்திய கான்ஃபரன்ஸ், இன்றைக்கு பிக் டென் என்று அறியப்படுவது, நோட்டர் டேமைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால் எதிராளியைத் தேடி ரயிலேற வேண்டியிருந்தது. 1924-இன் பத்து ஆட்டங்களில் நான்குதான் சொந்த ஊரின் கார்டியர் மைதானத்தில் நடந்தவை. மற்ற ஆறும் நியூயார்க், பிரின்ஸ்டன், மேடிசன், சிகாகோ, பிட்ஸ்பர்க், பாசடீனா என்று நாடு முழுக்கச் சிதறிக் கிடந்தன. 'ராக்னியின் நாடோடிகள்' என்றுகூட அவர்களைச் சொல்வதுண்டு. சேர்த்துக்கொள்ளாததே பிறகு நன்மையாக முடிந்தது. ஒரு வட்டாரத்துக்குள் அடைபடாமல் நாடு முழுவதும் போய் ஆடியதால்தான் ஒவ்வொரு நகரத்திலும் அவர்களுக்கு ரசிகர்கள் உண்டானார்கள். குறிப்பாக நியூயார்க்கில், கல்லூரி வாசலையே மிதிக்காத ஐரிஷ், இத்தாலிய, போலந்துக் குடும்பத்துத் தொழிலாளிகள் அதைத் தங்கள் அணியாக வரித்துக்கொண்டார்கள்.

அப்படி வரித்துக்கொள்ள இன்னொரு காரணமும் இருந்தது. 1920-களின் தொடக்கத்தில் இந்தியானாவில் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவாத அமைப்பு பெரும் பலத்தோடு இருந்தது. கறுப்பின மக்கள், யூதர்கள், குடியேறிகள் ஆகியோரோடு கத்தோலிக்கர்களும் அங்கே அதன் முக்கிய இலக்கு. 1924 மே 17 அன்று கிளான் ஆட்கள் சவுத் பெண்ட் நகரிலேயே பேரணி நடத்த வந்தார்கள். நோட்டர் டேம் மாணவர்கள் ரயில் நிலையத்திலும் தெருக்களிலும் அவர்களை மறித்தார்கள். வெள்ளை அங்கிகள் பறிபோயின. கிளான் அலுவலக ஜன்னலில் மின்விளக்குகளால் அமைத்திருந்த சிலுவையை மாணவர்கள் உருளைக்கிழங்கு வீசி உடைத்தார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி கைகலப்பு. அப்போது கல்லூரித் தலைவர் ஃபாதர் மேத்யூ வால்ஷ் தாமே நகருக்குப் போய், கூட்டத்தின் நடுவே நின்று பேசி, மாணவர்களை விடுதிக்குத் திருப்பி அழைத்துவந்தார். அதே ஆண்டு நவம்பரில் கிளானின் ஆதரவு பெற்ற எட் ஜாக்சன் மாநில ஆளுநராகத் தேர்தலில் வென்றார். ஆக, அந்த அணி வாரா வாரம் வென்றுகொண்டிருந்த அதே மாதங்களில்தான், சொந்த மாநிலத்தின் ஆட்சி அவர்களை வெறுக்கிறவர்களின் ஆதரவோடு அமைந்தது. ராக்னி அப்போது லூத்தரன். 1925 நவம்பரில்தான் கத்தோலிக்கர் ஆனார். இதையெல்லாம் விட்டுவிட்டு வெறும் ஸ்கோரைப் படித்தால், அந்த வெற்றிகளைப் பார்த்து அத்தனை பேர் கண்கலங்கியது ஏன் என்று தெரியாமலே போய்விடும்.

சரி, சீசனுக்கு வருவோம். அக்டோபர் 4-இல் லொம்பார்ட் 40-0, அடுத்த வாரம் வாபாஷ் 34-0. இரண்டும் பயிற்சி ஆட்டம் மாதிரிதான், அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

அக்டோபர் 18, நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ். எதிரணி ராணுவக் கல்லூரி. பார்வையாளர்கள் ஏறக்குறைய 55,000 பேர். இரண்டாம் கால்பகுதியில் லேடன் முதல் டச்டவுன் எடுத்தார், அதாவது எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனார். மூன்றாம் பகுதியில் க்ரௌலி இன்னொன்று. கடைசிப் பகுதியில் ராணுவ அணி ஒரு டச்டவுன் எடுத்து நெருங்கி வந்தது. முடிவு 13-7. எண்களைப் பார்த்தால் ஊதித்தள்ளிய வெற்றி இல்லை, கடைசி நிமிடம் வரை கையில் பிடித்துக்கொண்டிருந்த வெற்றி.

மறுநாள் ஞாயிறு, நியூயார்க் ஹெரால்ட் ட்ரிப்யூன் முதல் பக்கத்தில் கிராண்ட்லண்ட் ரைஸ் எழுதியது வெளிவந்தது. அக்டோபர் மாதத்துச் சாம்பல் நீல வானத்தின் முன்னே நான்கு குதிரை வீரர்கள் மறுபடி பாய்ந்து வந்தார்கள், பஞ்சம், கொள்ளைநோய், அழிவு, மரணம் என்பவை அவர்களின் புனைபெயர்கள்தான், உண்மைப் பெயர்கள் ஸ்டூல்ட்ரேயர், மில்லர், க்ரௌலி, லேடன் என்று போகும் அதன் தொடக்கம். விவிலியத்தின் வெளிப்படுத்தின விசேஷத்தில் உலக முடிவில் வரும் குதிரைக்காரர்களை மனத்தில் வைத்த உருவகம். அமெரிக்க விளையாட்டு எழுத்தில் இதைவிடப் பிரபலமான தொடக்கப் பத்தி கிடையாது.

உருவகம் ரைஸின் மனத்தில் எப்படி முளைத்தது என்பதற்கும் ஒரு கதை உண்டு. அணியின் செய்தித் தொடர்பு வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ஸ்டிரிக்லர் என்ற மாணவர், வாலண்டினோ நடித்து 1921-இல் வந்த, அதே குதிரைக்காரர்கள் தோன்றும் மௌனப் படத்தை அந்த நாட்களில் பார்த்திருந்தார். இடைவேளையில் நிருபர்களுக்கிடையே நிற்கும்போது, நம் பின்வரிசையும் அந்த நான்கு பேர் மாதிரிதான் என்று சொன்னார். ரைஸ் காதில் அது விழுந்தது. ஸ்டிரிக்லர் அதோடு நிற்கவில்லை. அணி ஊர் திரும்பியதும் நான்கு குதிரைகளை வாடகைக்குப் பிடித்து, நால்வரையும் ஆட்ட உடையோடு அவற்றின் மேல் ஏற்றிப் படம் எடுக்க வைத்தார். அந்தப் படம் நாடு முழுவதும் பத்திரிகைகளுக்குப் போனது. கட்டுரை மட்டும் வந்திருந்தால் ஒருவாரத்தில் மறந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். பெயரை நிலைக்க வைத்தது படம். உங்கள் சந்தேகம் இந்த அளவுக்குச் சரி: இருபது வயது மாணவர் ஒருவரின் சமயோசிதம் இல்லாமல் இந்தப் புகழ் இந்த அளவுக்கு வந்திருக்காது.

அதே அக்டோபர் 18 அன்று இல்லினாயில் இன்னொன்றும் நடந்தது. ரெட் கிரேஞ்ச் மிச்சிகன் அணிக்கு எதிராக முதல் பன்னிரண்டு நிமிடத்துக்குள் நான்கு டச்டவுன் எடுத்தார். தனி ஒருவரின் ஆட்டம் என்று பார்த்தால் போலோ கிரவுண்ட்ஸில் அன்று நடந்த எதுவும் அதற்கு ஈடில்லை. அப்படி ஒரு நாளில் 13-7 என்ற ஆட்டம் அதற்குச் சமமாக நினைவில் நிற்கிறதென்றால் எழுத்தின் வலிமை அது. அதே சமயம், கிரேஞ்சின் இல்லினாய் அந்த ஆண்டு தோல்வியில்லாமல் முடிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என்னைக் கேட்டால், ராணுவ அணியுடனான ஆட்டத்தின் நாயகன் அந்த நால்வரில் யாரும் இல்லை. கேப்டன் ஆடம் வால்ஷ். நடுவில் நின்று பந்தைப் பின்னால் அனுப்பும் சென்டர். அவருக்கு எதிரே ராணுவ அணியின் புகழ்பெற்ற சென்டர் எட் கார்பிஷ். எலும்பு முறிந்த கையோடுதான் வால்ஷ் ஆடினார். அந்தக் கையால்தான் ஒவ்வொரு முறையும் பந்தைத் துல்லியமாக அனுப்ப வேண்டும், அனுப்பிய அடுத்த நொடி எதிரில் இருப்பவரைத் தள்ள வேண்டும். அதோடு எதிரணியின் ஒரு பாஸையும் இடைமறித்துப் பிடித்தார். சென்டரிடமிருந்து பந்து சற்றுப் பிந்தினாலும் ஷிஃப்ட் மொத்தமும் வீண். நால்வரின் தாளம் வால்ஷின் கையில்தான் தொடங்கியது.

முன்வரிசை ஏழு பேருக்கும் பிறகு ஒரு பெயர் கிடைத்தது: ஏழு கோவேறு கழுதைகள். வால்ஷுடன் கார்டுகள் நோபல் கைசர், ஜான் வைபல். டேக்கிள்கள் ஜோ பாக், ரிப் மில்லர். எண்டுகள் எட் ஹன்சிங்கர், சக் காலின்ஸ். நால்வருக்குத் தலைக்கனம் ஏறுகிறது என்று பட்டபோது, ராக்னி முதல் முன்வரிசையை எடுத்துவிட்டு இரண்டாம் வரிசையின் பின்னால் அவர்களை ஆட விட்டார் என்றும், ஒரு கெஜம்கூட நகர முடியாமல் அவர்கள் திணறினார்கள் என்றும் ஒரு கதை வழங்குகிறது. குதிரைகள் முக்கியமா கழுதைகள் முக்கியமா என்று வாக்கெடுத்து ஏழுக்கு நான்கு என்று கழுதைகள் ஜெயித்தார்கள் என்பது அவர்களே சொல்லி மகிழ்ந்த கதை. கதை எப்படியானாலும், முன்னால் இருப்பவர் வழி திறக்காமல் 70 கிலோ ஆள் யாராலும் அந்தக் காலத்து ஆட்டத்தில் ஓட முடியாது.

ராணுவ அணிக்கு அடுத்த வாரமே மறுபடி கிழக்கே ரயில், பிரின்ஸ்டன் 12-0. நவம்பர் முதல் நாள் சொந்த ஊரில் ஜார்ஜியா டெக் 34-3. அப்புறம் மேடிசனில் விஸ்கான்சின் 38-3.

நவம்பர் 15, நெப்ராஸ்கா. இந்த ஆட்டத்தைத்தான் நால்வரும் இரண்டு வருடமாக எதிர்பார்த்திருந்தார்கள். 1922 முதல் 1924 வரை மூன்று சீசன், முப்பது ஆட்டம். அதில் நோட்டர் டேம் தோற்றது இரண்டே முறை. இரண்டும் நெப்ராஸ்காவிடம், இரண்டும் அவர்கள் ஊரான லிங்கனில்: 1922-இல் 14-6, 1923-இல் 14-7. நெப்ராஸ்கா ஆட்கள் கனமானவர்கள். ஷிஃப்டின் வேகத்தை எடையால் அடக்கிக் காட்டியவர்கள் அவர்கள் மட்டும்தான். லிங்கன் பார்வையாளர்கள் கத்தோலிக்கர் மீது வீசிய வசவுகளும் அணியின் மனத்தில் இருந்தன. 1924-இல் அவர்கள் சவுத் பெண்ட் வந்தபோது முடிவு 34-6. இந்த சீசனின் சிறந்த ஆட்டம் எது என்று கேட்டால் போலோ கிரவுண்ட்ஸையும் சொல்ல மாட்டேன், பாசடீனாவையும் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன். முன்பு இரண்டு முறை தோற்கடித்தவர்களை, அதே பின்வரிசை, அதே உத்தியை இன்னும் கூர்மையாக்கி, எதிரே நிற்க விடாமல் செய்தார்கள்.

அந்த உச்சத்துக்குப் பிறகு ஒரு சறுக்கல் வருவது இயல்பு. அடுத்த வாரம் சிகாகோவில், அந்த இலையுதிர்காலத்தில்தான் திறந்திருந்த கிராண்ட் பார்க் ஸ்டேடியத்தில், பிற்பாடு சோல்ஜர் ஃபீல்டு என்று பெயர் மாறியது அது, நார்த்வெஸ்டர்ன் அணியிடம் திணறி 13-6 என்று தப்பித்தார்கள். கடைசி வழக்கமான ஆட்டம் பிட்ஸ்பர்க்கில், கார்னகி டெக் 40-19. அந்த சீசனில் வேறு யாரும் இவர்கள் மேல் பத்துப் புள்ளிக்கு மேல் எடுக்கவில்லை, கார்னகி மட்டும் பத்தொன்பது எடுத்தது.

இத்தோடு ஒன்பது வெற்றி. அப்போதுதான் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் நடக்கும் ரோஸ் பௌல் ஆட்டத்துக்கு அழைப்பு. அன்று ரோஸ் பௌல் ஒன்றுதான் புத்தாண்டு நாளின் பெரிய ஆட்டம். எதிரணி ஸ்டான்ஃபோர்டு, அதன் கோச் பாப் வார்னர், ராக்னிக்கு மூத்த தலைமுறை மேதை. டிசம்பரில் புறப்பட்ட நோட்டர் டேம் நேராக மேற்கே போகவில்லை. தெற்கே நியூ ஆர்லியன்ஸ், ஹூஸ்டன், பிறகு அரிசோனாவின் டூசான் என்று சுற்றிக்கொண்டு போனது. வழியெங்கும் கத்தோலிக்கச் சமூகங்கள் வரவேற்பு கொடுத்தன. கல்லூரியின் ஆன்மிகப் பொறுப்பில் இருந்த ஃபாதர் ஜான் ஓ'ஹாரா இந்தப் பயணத்தைக் கத்தோலிக்கர்களைப் பற்றி நாட்டுக்குச் சொல்லக் கிடைத்த வாய்ப்பாகவே கருதினார். வடக்கின் குளிரிலிருந்து வந்தவர்களுக்கு வெயில் பழக வேண்டும் என்பதும் ஒரு கணக்கு.

1925 ஜனவரி 1. ஸ்டான்ஃபோர்டின் ஃபுல்பேக் எர்னி நெவர்ஸ் அந்த சீசனில் இரண்டு கணுக்காலும் உடைந்து பெரும்பாலும் வெளியே இருந்தவர். கட்டுப்போட்ட கால்களோடு அறுபது நிமிடமும் ஆடி, 34 முறை பந்தைச் சுமந்து, 114 கெஜம் ஓடினார். நோட்டர் டேமின் நால்வரையும் சேர்த்துக்கூட அன்று இப்படி ஓடவில்லை. ஃபர்ஸ்ட் டவுன் (நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேறுவது) கணக்கிலும் ஸ்டான்ஃபோர்டு 17, நோட்டர் டேம் 7. முதலில் புள்ளி எடுத்ததும் ஸ்டான்ஃபோர்டுதான், ஒரு ஃபீல்டு கோல், அதாவது பந்தைக் கம்பத்துக்குள் உதைத்து எடுத்தது.

ஆனால் ஸ்கோர் 27-10. லேடன் ஒரு டச்டவுனை ஓடி எடுத்தார். நெவர்ஸ் பக்கமாக எறிந்த பாஸை இடைமறித்து 78 கெஜம் ஓடி இரண்டாவது எடுத்தார். ஆட்டத்தின் கடைசியில் இன்னொரு பாஸைப் பிடித்து மைதானத்தில் பாதிக்கு மேல் ஓடி மூன்றாவதும் எடுத்தார். ஸ்டான்ஃபோர்டு ஆள் பிடிக்கத் தவறிய ஒரு பந்தை ஹன்சிங்கர் எடுத்துக்கொண்டு ஓடியது இன்னொரு டச்டவுன். ஸ்டான்ஃபோர்டு மொத்தம் எட்டு முறை பந்தைப் பறிகொடுத்தது. 20-10 என்று இருக்கும்போது நெவர்ஸ் கோட்டை நோக்கி மோதியதை, சில அங்குலம் குறைகிறது என்று நடுவர் தீர்த்தார். அது டச்டவுன்தான் என்று ஸ்டான்ஃபோர்டு தரப்பு பிறகும் சொல்லிக்கொண்டிருந்தது.

இதை வெறும் அதிர்ஷ்டம் என்பவர்கள் உண்டு. நான் ஏற்கவில்லை. லேடனின் உதைகள் ஸ்டான்ஃபோர்டை ஒவ்வொரு முறையும் தன் கோட்டருகே தள்ளின. அங்கிருந்து நீண்ட தூரம் வரும்போது அவர்கள் அவசரப்பட்டுப் பக்கவாட்டில் எறிந்தார்கள். வார்னரின் அந்தப் பாஸ்கள் எங்கே வரும் என்று நோட்டர் டேம் படித்துவிட்டுத்தான் வந்திருந்தது. தவறுக்காகக் காத்திருந்து, வந்ததும் பறித்துக்கொள்வதும் ஆட்டத் திறன்தான். அதே நேரம், அன்றைய களத்தின் மிகச் சிறந்த மனிதர் நெவர்ஸ் என்பதிலும் எனக்குத் தயக்கமில்லை.

பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்பதும் உங்கள் முதல் கேள்விக்குப் பதிலின் ஒரு பகுதி. இந்த அணி ஒரு கோச்சிங் பள்ளியாகவே இருந்திருக்கிறது. ராக்னி 1931 மார்ச் 31-இல் கன்சாஸில் விமான விபத்தில் இறந்தார். 1934-இல் லேடன் நோட்டர் டேமின் கோச் ஆனார், 1941-இல் என்எஃப்எல் தொழில்முறை லீக்கின் ஆணையர். க்ரௌலி ஃபோர்டம் கல்லூரிக் கோச். அவரிடம் முன்வரிசையில் ஆடிய ஒரு மாணவர், பின்னாளில் பெரும் புகழ்பெற்ற கோச் ஆன வின்ஸ் லொம்பார்டி. பிறகு என்எஃப்எல்-க்குப் போட்டியாகப் பிறந்த புதிய லீக்குக்கு முதல் ஆணையரும் க்ரௌலிதான். ஸ்டூல்ட்ரேயர் வில்லனோவாவிலும் விஸ்கான்சினிலும் கோச். டான் மில்லர் மட்டும் வழக்கறிஞர் தொழிலுக்குப் போனார், ஒஹாயோவில் கூட்டாட்சி அரசு வழக்கறிஞராக இருந்தார். முன்வரிசைக்காரர்களும் குறைந்தவர்கள் இல்லை. கைசர் பர்டூவுக்கும், ரிப் மில்லர் கடற்படைக் கல்லூரிக்கும், பாக் பிட்ஸ்பர்க் தொழில்முறை அணிக்கும் கோச் ஆனார்கள். ஆடம் வால்ஷ் 1945-இல் கிளீவ்லண்ட் ராம்ஸ் அணியை என்எஃப்எல் சாம்பியனாக்கினார். அப்போது லீக்கின் ஆணையர் அவருடைய பழைய ஃபுல்பேக் லேடன். பத்திரிகைப் புகழில் மட்டும் மிதந்தவர்கள் இப்படி இருபது வருடம் கழித்தும் ஆட்டத்தை நடத்திக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 1924-இல் தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் அமைப்பு எதுவும் இல்லை. பத்திரிகையாளர் வாக்கெடுப்பு 1930-களில்தான் நிலைபெற்றது. அதற்கு முன் இல்லினாய் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் ஃபிராங்க் டிக்கின்சன் ஒரு கணக்கு முறை வகுத்திருந்தார். எதிரணி வலுவானதா பலவீனமானதா என்று பார்த்து வெற்றிக்கு மதிப்பு கொடுக்கும் முறை. ஜாக் ரிஸ்மன் என்ற சிகாகோ ஆடை வியாபாரி அந்தக் கணக்கில் முதலிடம் பெறும் அணிக்குக் கோப்பை தர முன்வந்தார். அது 1926-இல் தொடங்கியது. ராக்னி இதைக் கேள்விப்பட்டு, கணக்கை இரண்டு வருடம் பின்னோக்கி 1924 வரை கொண்டுபோகச் சொல்லி அவர்களை இணங்க வைத்தார். அப்படிப் பார்த்ததில் 1924-க்கு நோட்டர் டேம் முதலிடம். சொந்த அணிக்காக அவர் கேட்டது வெளிப்படை. ஆனால் கணக்கு தவறில்லை. பிற்காலத்தில் பழைய சீசன்களை அலசிய பெரும்பாலான தேர்வாளர்களும் அதே முடிவுக்குத்தான் வந்தார்கள்.

மாற்றுக் கருத்தும் உண்டு. ஆட்ட வரலாற்றாளர் பார்க் டேவிஸ் 1924-க்குப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தார். அந்த அணி ஒன்பது வெற்றி, ஒரு சமன், ஒரு தோல்வி. அந்தத் தோல்வி நோட்டர் டேம் ரோஸ் பௌல் ஆடிய அதே ஜனவரி 1-இல், அதே கலிஃபோர்னியாவில்தான் வந்தது. பெர்க்லியில் கலிஃபோர்னியா அணியிடம் 14-0 என்று தோற்றார்கள். அந்தக் கலிஃபோர்னியாவோ ஆறு வாரம் முன்பு ஸ்டான்ஃபோர்டுடன் 20-20 என்று சமன் செய்த அணி. அதாவது கிழக்கிலிருந்தும் மையப்பகுதியிலிருந்தும் போன இரண்டு அணிகள், சரிக்குச் சரியான இரண்டு மேற்குக் கரை அணிகளை ஒரே நாளில் சந்தித்தன. ஒன்று புள்ளியே எடுக்காமல் தோற்றது, மற்றது 27 புள்ளி எடுத்து வென்றது. சாம்பியன் யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லாததற்கு டிக்கின்சன் கணக்கைவிட இதுதான் காரணம்.